கையை மடக்கு

இந்த ஊரில் ஐப்பசி பிறந்தால் போதும், ஜனங்கள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறார்கள். பங்குனி வரைக்கும் அது ஓயாது. பஸ்ஸில், தபாலாபீஸ் வரிசையில், பிரசங்கத்தின் நடுவில், எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கிறார். நம் ஆட்களாக இருந்தால் ஓரமாகப் போய்ச் சிந்திப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இங்கே அது அநாகரிகமாம். உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதுதான் நாகரிகமாம். போன வாரம் லண்டன் பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் கோட்டும் தொப்பியுமாக இருந்த ஒரு கனவான் 'சுர்'ரென்று மூக்கால் ஒரு மூச்சை இழுத்தார். என் இரண்டு கைகளும் தாமாகவே கக்கத்துக்குள் போய்விட்டன. தோள் மேலே ஏறியது, தலை தாழ்ந்தது, மடியில் இருந்த வயலின் பெட்டி தடாலென்று கீழே விழுந்தது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அம்மாள் என்னைப் பார்த்து, "கோல்ட், லவ்?" என்று இரக்கமாகக் கேட்டாள். "யெஸ்" என்றேன். வேறு என்ன சொல்வது? பாவம், அவள் எட்டிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஊரிலிருந்து எனக்கு எழுதுகிற சிநேகிதிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கை நீட்டி அடிக்க மாட்டானாமே, நிஜம்தானா? நிஜம்தான் என்று நானும் கொஞ்ச காலம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பித்தான் இங்கே வந்தேன். இப்போது கொஞ்சம் விவரமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு ராயபுரத்தில். கீழே வத்தல் மண்டி, மேலே குடித்தனம். பட்டணத்துக்காரர்கள் மொளகா என்பதை நாங்கள் வத்தல் என்போம், ஏனென்றால் அப்பா திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்து கடை போட்டவர். குண்டூரிலிருந்து கூட்ஸ் வண்டியில் மூட்டைகள் வந்து இறங்கும் நாளில் தெருவே தும்மும். நான் வயலின் பழகியது அந்த மூட்டைகளுக்கு மேலே, மச்சில். நெடி கண்ணில் ஏறும், தாடையும் வயலினும் சேரும் இடத்தில் தோல் எரியும், கடல் காற்றின் ஈரத்தில் நரம்புத் தந்தி திடீரென்று அறுந்து கன்னத்தில் அடிக்கும். எங்கள் வீட்டில் அடிப்பதற்குத் தந்திக்குக்கூட உரிமை இருந்தது.

அப்பா கத்துகிற மனிதர் அல்ல. கத்துகிறவர்களோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். அப்பா பேச்சை நிறுத்துவார். பிறகு மூக்கால் ஒரு மூச்சை இழுப்பார், சுர்ரென்று. அந்த மூச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். அது முடிகிற இடத்தில் அடி விழும். குழம்பில் உப்புக் கூடினால் அம்மாவுக்கு, எடை குறைந்தால் கூலியாளுக்கு, ஜன்னலில் நின்றால் எனக்கு. மூச்சு குட்டையாக இருந்தால் உள்ளங்கை, நீளமாக இருந்தால் செருப்போ பிரம்போ என்று அம்மாவும் நானும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். சங்கீதத்தில் காது கூர்மையாக இருக்கிறது என்று பிற்காலத்தில் என்னை மெச்சியவர்கள் யாரும் அந்தக் காது எங்கே தீட்டப்பட்டது என்று கேட்டதில்லை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு துரைசாணி வயலின் வகுப்பு எடுத்தாள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம் அவளும் மூட்டை கட்டினாள். போகும்போது வகுப்பு வயலினை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த சட்டைக்காரக் குடும்பம், அதாவது ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஒன்று சனிக்கிழமை மாலைகளில் கூடி வாசிக்க ஆள் தேடியது. ஒரு பக்கம் அவர்களோடு ஐரோப்பிய சங்கீதம், இன்னொரு பக்கம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில் கீர்த்தனைக்குப் பக்கவாத்தியம் என்று என் படிப்பு ஓடியது. இதற்கெல்லாம் அப்பா எப்படிச் சம்மதித்தார் என்று கேட்பீர்கள். அவருக்கு அதில் அத்தனை பெருமை. கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டு, இது என் மகள் என்று நாலு பக்கமும் பார்ப்பார். அதனால் என்னை அடிக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருப்பார்.

"ஏட்டி எஸ்தரு, கைய மடக்கு" என்பார். "வெரலு கோயிலுக்குள்ளது. மத்ததுதான் எனக்குள்ளது."

நான் இரண்டு கைகளையும் கக்கத்தில் ஒடுக்கிக்கொள்வேன். பிறகு அடிப்பார். கொஞ்ச நாளில் அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மூச்சு கேட்டால் கை உள்ளே போகும். என்னைப் பார்த்து அம்மாவும் பழகிக்கொண்டாள். அவள் கைக்கு எந்தக் கோயிலும் உரிமை கொண்டாடவில்லை என்றாலும், இரண்டு பேரும் ஒரே மாதிரி நிற்பதில் ஏதோ ஒரு துணை இருந்தது.

இப்போது என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே லண்டனில் படிப்பு முடிந்ததும் ஒரு குவார்ட்டெட்டில் இரண்டாம் வயலினாகப் பரீட்சார்த்தமாகச் சேர்ந்தேன். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. குச்சியை ஆட்டித் தாளம் காட்டுகிறவர் யாரும் கிடையாது. அப்படியானால் நான்கு பேரும் ஒரே கணத்தில் எப்படித் தொடங்குவது? முதல் வயலின்காரர் மூக்கால் ஒரு மூச்சை இழுப்பார். சுர்ரென்று. அந்த மூச்சின் நீளம்தான் பாட்டின் வேகம். அது முடிகிற இடத்தில் நான்கு வில்களும் தந்தியில் விழ வேண்டும். இந்த நாட்டில் சங்கீதக்காரர்கள் ஒருவரையொருவர் அழைக்கிற வழி அதுதான். மற்ற மூவருக்கும் அது வா என்கிற அழைப்பு. என் கைகளுக்கு மட்டும் அது வேறு. ஒவ்வொரு தடவையும் விரல்கள் தந்தியை விட்டு ஒரு நூல் பின்வாங்கும். நான் அவற்றை இழுத்துப் பிடித்துத் திரும்ப வைப்பதற்குள் மற்றவர்கள் போய்விட்டிருப்பார்கள்.

முதல் வயலின் ஆர்தர் வில்லைக் கீழே இறக்கி, "லேட்" என்பார். மறுபடி மூச்சு. மறுபடி "லேட்". அவர் நல்ல மனிதர். அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பருவம் முடிவதற்குள் ஒரு கச்சேரி இருந்தது, அதுவரைக்கும் பார்ப்போம், சரிப்படாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று அவர் நேரே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். வேறு ஆள் வந்தால் எனக்குப் போக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். பிழைப்புக் கிடைத்தால் இரு, கிடைக்காவிட்டால் வந்து உப்பளக்காரர் மகனைக் கட்டிக்கொள் என்பது அப்பா விதித்த நிபந்தனை. அந்த மாப்பிள்ளையை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மாட்டு வண்டிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்தி, மூக்கால் மூச்சை இழுத்தான். நான் பார்த்தது அவ்வளவுதான், போதுமானதாக இருந்தது.

அவர்கள் சண்டை போடுகிற விதமும் எனக்குப் பிடிபடவில்லை. செல்லோ வாசிக்கும் ஹில்டா யுத்த காலத்தில் தன் நாட்டை விட்டு ஓடி வந்தவள். அவளுக்கும் ஆர்தருக்கும் ஒரு சுரத்தின் நீளத்தைப் பற்றித் தகராறு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். ஒரு நாள் அவள் வில்லுக்குத் தடவுகிற ரோசின் டப்பாவைச் சுவரில் வீசினாள், அது உடைந்து தூளாயிற்று. ஆர்தர் வில்லின் நுனியை அவள் தொண்டைக்கு நேராக நீட்டிக்கொண்டு கத்தினார். வியோலா வாசிக்கும் பீட்டர் எழுந்து போய் நிதானமாகக் கெட்டிலை அடுப்பில் வைத்தான். ஐந்து நிமிஷத்தில் மூன்று பேரும் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நான் கையை மடக்கியபடி மூலையில் உட்கார்ந்திருந்தேன். சண்டை முடிந்துவிட்டது என்று எப்படி நம்புவது? அடிதான் இன்னும் விழவில்லையே.

எனக்குத் தெரிந்த சண்டை அப்படிப்பட்டதல்ல. யுத்தம் முடிந்து வந்த வருஷங்களில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது எங்கள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் எல்லப்பன் என்பவன் முன்னால் நின்றான். கடற்கரைக் குப்பத்து ஆள், தோள் இரண்டும் மூட்டை ஏறி ஏறிக் காய்த்திருக்கும். பாதி மூட்டைகள் வண்டியிலேயே இருக்க அவன் கொக்கியைக் கீழே போட்டுவிட்டான். மூட்டையில் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி. அப்பா படியிறங்கி வந்தார்.

"எவம்லே அவன், எம் மண்டி வாசல்ல வேலைய நிப்பாட்டுதவன்?"

"நாந்தான் மொதலாளி" என்றான் எல்லப்பன். "தொறமொகத்துல அல்லாரும் ஸ்ட்ரைக் பண்ணிகினு கீறாங்கோ. நாங்க மட்டும் தூக்குனா நல்லா கீதா?"

அப்பா பேசவில்லை. மேலே ஜன்னலில் நின்ற என் காதில் அந்த மூச்சு விழுந்தது. என் கை உள்ளே போனது. எல்லப்பனுக்கு அந்த மூச்சின் அர்த்தம் தெரியாது. கீழே கிடந்த கொக்கியை எடுத்து அப்பா வீசியதில் அவன் கன்னம் காதுவரைக்கும் கிழிந்தது.

மறுநாள் காலையில் கூட்டம் வந்தது. கழி, துடுப்பு, உடைந்த செங்கல் என்று கையில் கிடைத்ததோடு வந்தார்கள். மண்டிக் கதவு பலகை பலகையாகப் பெயர்ந்தது. மூட்டைகளின் வயிற்றைக் கிழித்து வத்தலைத் தெருவில் கொட்டினார்கள். அப்பாவைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அந்தச் சிவப்பின் நடுவில் தள்ளினார்கள். எல்லப்பன் முகத்தில் கட்டோடு நின்றான், துணி முழுக்க ரத்தம் ஊறியிருந்தது. அதே கொக்கி இப்போது அவன் கையில்.

"இன்னா மொதலாளி, மன்சன்னு நெனச்சியா, மூட்டைன்னு நெனச்சியா?"

கேட்டுவிட்டு அவனும் மூக்கால் மூச்சை இழுத்தான். கிழிந்த கன்னத்தின் வலியாகவும் இருக்கலாம். அப்பா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு தரையோடு சுருண்டார். எங்களைப் போலவேதான் சுருண்டார். எனக்கு அப்போது வந்தது பயமில்லை, சந்தோஷம். அடி, அடி என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் யாரோ ஒருவன் வத்தல் குவியலில் தீ வைத்துவிட்டான். எரிகிற மிளகாயின் புகையைச் சுவாசித்தவர்களுக்குத்தான் அது தெரியும். அடிக்க வந்தவர்கள், தடுக்க வந்த போலீஸ்காரர்கள், வேடிக்கை பார்த்தவர்கள், எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டு இருமியபடி நாலு திசையிலும் ஓடினார்கள். போலீஸ் லத்தி கண் தெரியாமல் போலீஸ்காரர் மேலேயே விழுந்தது. எல்லப்பன் கொக்கியை எறிந்துவிட்டு வாந்தியெடுத்துக்கொண்டு போனான். அப்பா தவழ்ந்து படியேறி வந்தார்.

அம்மா அவரை உட்காரவைத்துக் கண்ணில் தண்ணீர் ஊற்றினாள். செம்பு கை தவறித் தரையில் உருண்டது. கண்ணைத் திறக்க முடியாத நிலையிலும் அப்பா மூச்சை இழுத்தார். அம்மாவின் கை உள்ளே போனது. அன்றைக்கு மட்டும் என் கை போகவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இடது கையை நடுவில் நீட்டினேன். அப்பா அடித்தது அந்தக் கையில் விழுந்தது. அவர் கையிலிருந்தது, தவழ்ந்து வரும்போது பற்றிக்கொண்டு வந்த வாசல் கதவின் தாழ்க்கட்டை. சுண்டுவிரல் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. தான் எதை அடித்தோம் என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டபோது அவர் அழுதார்.

"கிறிஸ்மஸ் வருதே, கோயிலுக்கு நான் என்னட்டி பதில் சொல்லுவேன்?" என்றார்.

விரல் கூடிக்கொண்டது, கொஞ்சம் வளைவாக. அந்த வளைந்த விரலை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பழகி, லண்டனிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சை நடத்த வருகிறவர் முன்னால் வாசித்து, உபகாரச் சம்பளத்தோடு சீமைக்குப் படிக்கத் தேர்வானேன். எம்மவ சீமைக்குப் போறா என்று அப்பா தெருவுக்கெல்லாம் சொன்னார்.

இதையெல்லாம் ஆர்தரிடம் எந்த பாஷையில் சொல்வது? மூன்றாவது மாதம் அவர் என்னைத் தனியே அழைத்து, "எஸ்தர், உன்னைத் தடுப்பது எது?" என்று அன்பாகவே கேட்டார். யோசித்துப் பார்த்து, "உங்கள் மூச்சு" என்றேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்டார். மறுநாளிலிருந்து பெப்பர்மிண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார். நான் என்னத்தைச் சொல்ல! பீட்டர் சிரித்தான், ஹில்டா சிரிக்கவில்லை. அவள் சில நாட்களாக என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஆர்தர் மறுபடி "லேட்" என்றதும் அவள் வில்லால் தரையைத் தட்டினாள்.

"மூச்சை அவளிடம் கொடு" என்றாள். "தொடக்கம் எல்லாம் அவள் கொடுக்கட்டும். நாம் மூவரும் அவளைப் பின்தொடர்வோம்."

முதல் வயலின் கொடுக்க வேண்டியதை இரண்டாம் வயலின் கொடுப்பதா என்று ஒரு கெட்டில் கொதிக்கிற நேரம் சண்டை நடந்தது. பிறகு ஆர்தர் தோளைக் குலுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வில்லைத் தூக்கினேன். மூக்கால் மூச்சை இழுத்தேன்.

வந்தது அப்பாவின் மூச்சு. அதே சுர், அதே நீளம், முடிவில் அதே சின்ன வெட்டு. அறைக்குள் அவர் வந்து நிற்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் என் கைகள் அசையவில்லை. விரல்கள் தந்தியில் அப்படியே இருந்தன. நான்கு வில்களும் ஒன்றாக விழுந்தன. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. மூச்சை இழுக்கிறவனுக்குக் கையை மடக்க வேண்டிய அவசியமே இல்லை. அவ்வளவு சுலபமா இது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் அப்பா எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறார்! அன்றைக்கு நான் வாசித்த வேகத்தில் வில்லின் மயிர் கொத்தாக அறுந்து தொங்கியது. "பியூட்டிஃபுல்" என்றார் ஆர்தர்.

கச்சேரிக்கு முந்தின இரவெல்லாம் எனக்கு சென்ட்ரல் ஸ்டேஷன்தான் ஞாபகம். பம்பாய் போய்க் கப்பலேற வேண்டும். அப்பாவும் அம்மாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள். வண்டி நகர்ந்தது. அப்பா என்னவோ சொல்ல வந்தார், சொல்ல முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. அழுகையை அடக்க மூக்கால் மூச்சை இழுத்தார். பிளாட்பாரத்தில் அம்மாவின் கைகள் கக்கத்துக்குள் போயின. ஜன்னலுக்கு உள்ளே என் கைகளும் போயின. அவர் அழுகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், கைகளுக்குத்தான் தெரியவில்லை. அதனால் எங்களில் யாரும் கையசைக்கவில்லை. அம்மா கையை மடக்கியபடியே சிறிதாகிக்கொண்டு போனாள்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர்மன்றம் ஒன்றில். ஆர்தர் கதவருகில் என் கையைக் குலுக்கி, "இன்றைக்கு அப்புறம் முடிவு சொல்கிறேன்" என்றார். முதல் வரிசை எங்கள் காலுக்கு எட்டும் தூரம். அதில் நடுவயது மாது ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நல்ல கம்பளிக் கோட்டு, பழுப்புக் கையுறை, பக்கத்தில் கண்ணாடி போட்ட கணவர். சர்ச்சில் பார்த்தால் குட்மார்னிங் சொல்லிவிட்டு மறந்துவிடக்கூடிய முகம். நான் வில்லைத் தூக்கி மூச்சை இழுத்தேன். நால்வரும் சுத்தமாகத் தொடங்கினோம். ஓரக்கண்ணில் பழுப்பாக ஏதோ அசைந்தது. முதல் பகுதி முடியும்வரை அது என்னவென்று பார்க்க நேரமில்லை.

இரண்டாவது பகுதிக்கு மூச்சை இழுத்தபோது பார்த்துவிட்டேன். அந்த மாதின் கையுறை போட்ட கைகள் இரண்டும் கக்கத்துக்குள் போயிருந்தன. தோள் ஏறியிருந்தது, தலை தாழ்ந்திருந்தது. விரல்களை எந்தப் பக்கம் உள்ளே வைத்தால் அடிபடாது என்று தெரிந்தவள் மடக்குகிற விதம். பாட்டு ஓட ஓடக் கைகள் மெல்ல வெளியே வந்து மடியில் உட்கார்ந்தன. பகுதி முடிந்து நாங்கள் சுருதி சரிபார்க்கும் இடைவெளியில் கணவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"கோல்ட், டியர்?"

"யெஸ்" என்றாள் அவள்.

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். திரும்பி உட்கார்ந்ததும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அக்கா என்று கூப்பிட வேண்டும் போலிருந்தது. ராயபுரத்தில் எந்தத் தெரு நீ என்று கேட்டிருப்பேன்.

ஆர்தரும் பீட்டரும் ஹில்டாவும் வில்லைத் தந்திக்கு மேலே நிறுத்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். கடைசிப் பகுதி வேகமானது, அதற்குக் குட்டையான, வெட்டான மூச்சு வேண்டும். மெதுவாக இழுத்தால் நால்வரும் சிதறுவோம், நான் அந்த உப்பளக்காரன் வீட்டுக்குப் போவேன். அவள் கைகள் மடியில் ஒன்றோடொன்று கோத்திருந்தன.

மூச்சை இழுத்தேன். அவள் கையை மடக்கினாள். என் வில் விழ வேண்டிய இடத்தில் சரியாக விழுந்தது.